துண்டு கிடைத்தால்தான் லைன் ஓடும்

மேடத்துக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் அடியிலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கத்துகிறவர்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். உட்கார்ந்துவிட்ட ஒருத்தரை என்ன செய்வது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் தையல் மெஷினில் வேலை பார்த்த காலம் அது. முப்பது மெஷின்கள் வரிசையாக ஓடும் எங்கள் லைனுக்கு அவர் சூப்பர்வைசர். குழந்தைச் சட்டைகள்தான் அதிகம் தைத்தோம். எல்லாம் கப்பல் ஏறிப் போகிறவை. அதனால் அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்தாக வேண்டும். ஒட்டவைத்துப் பார்த்து முழு ஊசியானால்தான் புது ஊசி கையில் வரும். ஒரு துண்டு குறைந்தாலும் அது ஏதோ ஒரு சட்டைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். இந்த விதியை எல்லாக் கம்பெனியிலும் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அவசரமாகச் சரக்கு போக வேண்டிய நாளில் அதை யாரும் படிப்பதில்லை. மேடம் அன்றைக்குத்தான் சத்தம் போட்டுப் படிப்பார்.

இடுப்பில் பாவாடை நாடாவில் ஒரு காந்தம் தொங்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம், அரை கிலோவாவது இருக்கும். சாவிக்கொத்து தொங்கவேண்டிய இடத்தில் அது தொங்கியதால் நடக்கும்போது தொடையில் இடித்துக்கொண்டே வரும். ஊசி உடைந்த சத்தம் கேட்டால் அதை அவிழ்த்துத் தரையில் உருட்டத் தொடங்குவார். எங்களையும் குனிய வைப்பார். முப்பது பெண்கள் மெஷினுக்கு அடியில் தலையை விட்டுத் தேடுவோம்.

ஒரு நாள் என் மெஷினில்தான் உடைந்தது. நுனி கிடைக்கவில்லை. ப்ரொடக்‌ஷன் மேனேஜர் ஓடி வந்தார். லாரி வாசலில் நிற்கிறது, இன்றைக்குப் போகாவிட்டால் ஆர்டரே போய்விடும் என்றார். மேடம் சுவிட்சை அணைத்து ஸ்டூலில் உட்கார்ந்தாயிற்று.

"எம்மாத்தூண்டு நுனிம்மா அது! அதுக்குப் போய் லைனை நிறுத்துவீங்களா?"

"எம்மாத்தூண்டோ இன்னாவோ. ஒரு கொயந்த கய்த்துல குத்திச்சினா அது எம்மாத்தூண்டுன்னு கேக்குமா? துண்டு கெடச்சாத்தான் சார் லைன் ஓடும்."

கடைசியில் அது என் தலையில் இருந்தது. காலையில் பட்டரவாக்கம் ஸ்டேஷன் வாசலில் வாங்கி வைத்த மல்லிகைச் சரத்தில் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. மேடம் என் பின்கழுத்தைப் பிடித்துக் குனியவைத்து, பூவைப் பிரித்து அதை எடுத்தார். பூ நாசம். "நாளைக்கு நானே வாங்கித் தரேன், போ" என்றார். வாங்கித் தரவே இல்லை. இன்றுவரை அது எனக்கு மறக்கவில்லை.

அவரைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். இன்னொரு முறை இதேபோல நிறுத்தி, முப்பது பேரையும் தரையில் தேடவிட்டு, மேனேஜரோடு மல்லுக்கு நின்றார். அந்தத் துண்டு அவர் இடுப்புக் காந்தத்தின் பின்பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வேறு யாராவது என்றால் கூனிக் குறுகிப் போயிருப்பார்கள். அவர் அதைப் பிய்த்து எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிக் காட்டி, "கெடச்சிச்சில்ல? ஓட்டு" என்றார். அவ்வளவுதான்.

சர்க்கரை நோய் அவருக்கு அப்போதே உண்டு. மதியம் டைனிங் ஹாலில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன், எல்லோர் முன்னாலும் சேலைத் தலைப்பை ஒதுக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வார். கழிவறைக்குள் ஒளிந்துகொண்டு போடுகிற வேலையெல்லாம் கிடையாது. "திருடிச் சாப்புடறேனா, ஒளிஞ்சு போட?" என்பார். போட்ட ஊசியை மூடி போட்டு, காலி பால் கவருக்குள் சுருட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டுக் குப்பைக் கூடையில் வீசுவார். அந்த முடிச்சை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். நல்ல இறுக்கமான முடிச்சு. இத்தனை பத்திரமாகப் போடுகிறாரே என்றுதான் நினைத்தோம்.

அந்தக் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. எனக்குக் கல்யாணமாகி, பட்டாபிராமில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தேன். முதல் நாள் பால் காய்ச்சிவிட்டு எட்டிப் பார்த்தால், எதிர் வீட்டு வாசலில் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு மேடம்! ஓய்வு பெற்றுவிட்டார். காந்தம் மட்டும் கேட் கம்பியில் தொங்கியது. "இன்னாடி, இங்கயும் என் லைனுக்கே வந்துக்கினியா?" என்றார். தெருவே அவரை அக்கா என்றது. எனக்கு வாயில் அது வரவில்லை. கடைசிவரை மேடம்தான்.

தெருவிலும் அவர் அவராகத்தான் இருந்தார். கோயில் திருவிழாவில் மாதா தேர் எங்கள் தெருவுக்குள் வந்தபோது, கூட்டத்தில் ஒரு பெண்ணின் தோட்டுத் திருகு கழன்று விழுந்தது. மேடம் தேருக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஃபாதர் கண்ணை மூடித் திறந்தார். பாட்டுக் குழு பாடிய பாட்டையே திரும்பத் திரும்பப் பாடியது. திருகு கிடைத்த பிறகுதான் மாதா நகர்ந்தார். "அவங்களுக்கு இன்னா அவசரம்? அவங்களும் பொம்பளதான, தோடு போச்சுன்னா தெரியும்" என்று மேடம் அதற்கு விளக்கம் வேறு சொன்னார்.

எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வந்தவள் செல்வி. பேட்டரி வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். பிரசவத்துக்கு லீவு என்று ஒன்றைக் கொடுத்தார்களோ இல்லையோ, கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று பிரித்துப் போட வேண்டும் என்பது சட்டம். எங்கள் தெருவில் பாதிப் பேர் பிரிப்பதில்லை. அதனால் செல்விதான் ஒவ்வொரு பையையும் அவிழ்த்துப் பிரிப்பாள்.

ஒரு நாள் காலையில் அவள் ஒரு பால் கவர் முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இறுக்கமான முடிச்சு. கையுறையில் ஆள்காட்டி விரல் பக்கம் ஏற்கெனவே கிழிந்திருந்தது. "ஸ்ஸ்" என்று கையை உதறினாள். ரத்தத்தைச் சீருடைச் சேலையில் துடைத்துவிட்டு அடுத்த பையை எடுக்கப் போனாள். மேடம் கேட்டுக்குள்ளிருந்து பார்த்துவிட்டார்.

"ஏய், கையக் காட்டு."

"ஒண்ணும் இல்லக்கா, ஊசி."

"இன்னா ஊசி?"

அவள் தரையைக் காட்டினாள். மூடி கழன்ற இன்சுலின் ஊசி ஒன்று கிடந்தது.

மேடத்தின் முகம் போன போக்கை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அவளைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். நைட்டியோடேயே ஆட்டோ ஏறினார். துணைக்கு நானும் போனேன். பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை என்று ரத்தத்தில் பரவுகிற நோய்களைச் சொன்னார். உடனே மாத்திரை தொடங்க வேண்டும், ஒரு மாதம் சாப்பிட வேண்டும் என்றார். பிறகு, "குழந்தை இருக்கா? தாய்ப்பால் கொடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

செல்வி தலையசைத்தாள்.

"இப்போதைக்கு நிறுத்திடுங்க. அந்த ஊசி யாருதுன்னு தெரிஞ்சு, அவங்க ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு டெஸ்ட்ல வந்துட்டா, மாத்திரையையும் நிறுத்திடலாம், பாலும் கொடுக்கலாம். யாருன்னே தெரியலைன்னா ரிஸ்க் எடுக்க முடியாதும்மா."

திரும்பி வருகிற ஆட்டோவில் செல்வி அழவில்லை. "அது புட்டிப் பால் குடிக்காதுக்கா" என்று மட்டும் இரண்டு மூன்று முறை சொன்னாள்.

மேடம் வந்ததும் காந்தத்தைக் கழற்றினார். அன்றைக்குச் சேர்ந்த குப்பையை வாசலில் கொட்டி அதன்மேல் உருட்டினார். தையல் ஊசி என்றால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த எவர்சில்வர் ஊசிகளோ ஒன்று ஒட்டியது, இரண்டு நழுவின. "காந்தத்தையே ஏமாத்துது பாரு" என்று பல்லைக் கடித்தார். ஒரு குச்சியால் கிளறிக் கிளறித்தான் மற்றவற்றை எடுத்தார். ஒரே மாதிரி ஊசிகள், ஒரே மாதிரி பால் கவர்கள், ஒரே மாதிரி முடிச்சுகள். குத்தியது எந்த வீட்டு ஊசி என்று காந்தம் சொல்லாது. வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் இன்சுலின் போடுகிற வீடுகள் ஐந்து. எல்லோரும் கரையான்சாவடியில் ஒரே டாக்டரிடம் போகிறவர்கள் என்பதால் யார் யார் என்பது ஊருக்கே தெரியும். அன்று மேடம் வீட்டைத் தவிர மற்ற நான்கு வீட்டிலும் யாரும் சர்க்கரை நோயாளியே இல்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். "நாங்க ஊசியைக் குப்பையில போடறதே இல்லை" என்றார்கள். பின்னே எங்கே போடுகிறீர்கள், பூஜை அறையிலா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

மேடம் தெரு நடுவில் நின்று சொன்னார்.

"நானும் ஊசி போடறவதான். நானும் பால் கவர்ல முடிச்சுப் போட்டுத்தான் வீசுனேன். அவ அவுக்கறான்னு எனக்குத் தெரியல. என் ஊசியாக்கூட இருக்கலாம். நான் போய் ரத்தம் குடுத்துட்டு வரேன். மிச்ச நாலு ஊடும் வரணும். வர்ற வரைக்கும் இந்தத் தெருவுல குப்ப எடுக்கக் கூடாது. லைன் நிக்குது."

மறுநாள் செல்விக்குப் பதிலாக வேறொருவர் வண்டியோடு வந்தார். தெருமுனையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் மேடம் உட்கார்ந்திருந்தார். மடியில் காந்தம். அந்த மனிதர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். போகும்போது பாட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தார் என்று எனக்குப் பட்டது.

இரண்டாம் நாளே தெரு நாற ஆரம்பித்தது. நாய்கள் பைகளைக் கிழித்தன. திட்டாதவர் இல்லை. பைத்தியம் என்றார்கள், தெரு என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்றார்கள். "நாறுதா? நாறட்டும். அவ மூஞ்சிக்கு நேரா தெனம் இதான நாறுது" என்று அவர் பதில் சொன்னார். அவர் வீட்டுக் குப்பையும் அவர் வாசலிலேயே கிடந்து நாறியது.

அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் வற்புறுத்தி எடுக்க வைப்பது நல்ல வழக்கம் இல்லைதான். அதைக்கூட அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ போய் அவ ஊட்டப் பாத்துட்டு வந்து பேசு" என்றார்.

போனேன். கூட்ஸ் வண்டிகள் நிற்கும் ரயில்வே சைடிங் ஓரம் ஒற்றை அறை. குழந்தை புட்டியைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு அழுதுகொண்டிருந்தது. அதன் பாட்டி சலித்துப் போய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் செல்வி இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். குளியலறைத் தடுப்புக்குப் பின்னால் நின்று பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டு, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். குழந்தை அழும் சத்தம் கேட்கக் கேட்க அவளுக்குச் சேலை நனைந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து மேடத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது ஸ்டூல் என்னுடையது.

மூன்று வீடுகள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. மேடம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ரிசல்ட் யார் கையிலும் வராது, நேராக அந்தப் பெண் டாக்டருக்குப் போகும். "எனுக்குக் காட்டாத. எனுக்கு வாணாம். ஒன் ரத்தத்துல இன்னா கீதுன்னு பாத்து நான் இன்னா பண்ணப் போறேன்?" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் பலருக்கு உயிர் வந்தது.

பாக்கி இருந்தது மூலை வீட்டு சார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "நான் கௌரவமான மனுஷன். என்னைப் போய் அந்த டெஸ்ட் எடுக்கச் சொல்றாளே! வெளியில தெரிஞ்சா என் பொண்ணுக்கு வரன் வருமா?" என்று காம்பவுண்டுக்குள் நின்றபடி கேட்டார். அந்தப் பயம் பொய்யில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் நாள் காலை சார் தன் ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். முன்னால் கொக்கியில் இரண்டு குப்பைப் பைகள். எங்கேயாவது தண்டவாள ஓரம் வீசிவிட்டு வரத் திட்டம். கிக்கரை உதைத்து வண்டி கிளம்பியதுதான், மேடம் ஸ்டூலை விட்டு எழுந்து நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"இறங்கும்மா! என்ன அசிங்கம் இது!"

"நீங்க ஓட்டுங்க சார். லேப்பு வழியா ஓட்டுங்க. எனுக்கு அவசரமே இல்ல."

சார் வண்டியை ஆட்டிப் பார்த்தார். மேடம் அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மாடியிலிருந்து யாரோ போன் எடுத்து வீடியோ பிடித்தார்கள். சாரின் மனைவி கேட்டைப் பிடித்தபடி முதலில் திகைத்து நின்றார். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"போய்க் குடுத்துட்டு வாங்களேன். பச்சைக் குழந்தை பட்டினி கிடக்குது. நம்ம பொண்ணுக்கு நாளைக்கு ஒரு குழந்தை பிறக்கப்போறது இல்லையா?"

 சார் அந்த இரண்டு பைகளையும் கழற்றி வாசலில் வைத்தார். ஸ்கூட்டர் மேடத்தையும் ஏற்றிக்கொண்டு லேப் பக்கம் போனது. வளைவில் திரும்பும்போது மேடம் எங்களுக்குக் கை காட்டினார்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் செல்விக்குப் போன் செய்தார். ஐந்து பேர் ரத்தத்திலும் பயப்பட ஒன்றுமில்லை. செல்வி எங்களிடம் வந்து நன்றியெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. மாலையில் மேடத்துக்கு ஒரு போன் வந்தது. மறுமுனையில் பேச்சே இல்லை. குழந்தை பால் குடிக்கிற சத்தம் மட்டும். மேடம் அதை ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்கவைத்தார். இரண்டு பேரும் நிலைப்படியில் உட்கார்ந்து அழுதோம். பிறகு மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தெருமுனையிலிருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஓட்டு" என்றார்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. இனி இந்த ஊசிகளை எங்கே போடுவது? வீட்டுக் குப்பையில் போடக்கூடாது. குத்தினால் ஓட்டை விழாத தடித்த டப்பாவில் போட்டு, தனியாக ஒப்படைக்க வேண்டும். வாங்கிக்கொள்ள ஆள்தான் இல்லை. மேடம் தெருவுக்கே ஒரு காலி பினாயில் கேனை வைத்தார். அது நிறைந்ததும் மூடியை டேப் போட்டுச் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆவடியில் பஸ் மாறினோம். கரையான்சாவடியில் அந்த டாக்டர் இருக்கிற, எங்கள் தெருக்காரர்கள் ஊசி வாங்குகிற நர்சிங் ஹோம். பஸ்ஸில் கேனை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார வந்தவர்களிடமெல்லாம் "இது ஊசிம்மா, அந்தாண்ட உக்காரு" என்றார். இரண்டு பேர் சீட்டில் ராஜாமாதிரி தனியாக வந்தார். நான்தான் நின்றுகொண்டு வந்தேன்.

நர்சிங் ஹோம் மேனேஜர் நல்ல மாதிரிதான் பேசினார். "வீட்டுக் குப்பையை நாங்க எடுக்க முடியாது மேடம். எங்க ஆஸ்பத்திரியில சேர்றதை எரிக்கறதுக்குத் தனி வண்டி வருது. எடை போட்டு எடுத்துட்டுப் போறாங்க. வெளியில இருந்து வர்றதைச் சேர்த்தா எனக்குப் பிரச்சனை."

"நீ போட்ட ஊசிக்கு ஒரு டப்பா கீது. நீ வித்த ஊசிக்கு இல்லியா?"

"அது ரூல் மேடம்."

"நானும் ரூல் பாத்தவதான்யா. கடல் தாண்டி எங்கியோ கீற கொயந்தைக்குக் குத்தக் கூடாதுன்னு தரையில படுத்து ஊசி தேடுனவங்க நாங்க. எங்க ஊட்டு வாசலுக்கு வர்ற பொண்ணு கைக்கு மட்டும் ரூல் இல்லியா?"

இதைச் சொல்லிவிட்டு ஓ.பி. வரிசையில் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கேன் மடியில். சுற்றியிருந்த நாற்காலிகள் காலியாயின. மெடிக்கல் கவுன்ட்டரில் ஊசி வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "போட்டு முடிச்சு இத எங்க போடுவ?" என்று கேட்டார்.  சிலர் திரும்பிப் போய் அதே கேள்வியைக் கவுன்ட்டரில் கேட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் போய் மேனேஜரைக் கேட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேடம் அதே நாற்காலியில் சேலைத் தலைப்பை ஒதுக்கி ஊசி போட்டுக்கொண்டு, அந்த ஊசியையும் எல்லோரும் பார்க்கக் கேனுக்குள் போட்டார். அப்போதுதான் மேனேஜர் எழுந்து வந்தார். கேனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே மெடிக்கல் கவுன்ட்டரில் ஒரு வெள்ளை டப்பா வந்தது. பழைய ஊசியைக் கொண்டுவந்து அதில் போடலாம் என்று பக்கத்தில் எழுதி ஒட்டினார்கள். மேடத்துக்கு அதுவும் திருப்தியில்லை. "பழச குடுத்தாத்தான் புதுசுன்னு எழுதணும். போடலாமாம்ல, போடலாம்!" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு மேடம் போய்ச் சேர்ந்தார். ஆளே பாதியாகிவிட்டார். கடைசியில் நான் போய்ப் பார்த்தபோதும் பேச்சு குறையவில்லை. படுக்கையில் இருந்தபடியே, கையில் ஊசி ஏற்ற வந்த நர்ஸிடம் "இத எங்க போடுவ, காட்டு" என்று கேட்டு, அந்தப் பெண் டப்பாவைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் கையை நீட்டினார். அடக்கம் முடிந்து வீட்டைச் சுத்தம் செய்தபோது, அவர் மகள் எனக்குக் காந்தத்தைக் கொடுத்தாள். கட்டிலுக்கு அடியில் கேன் பாதி நிறைந்திருந்தது. அதையும் நான்தான் எடுத்துக்கொண்டேன். தெருவில் மற்ற வீடுகளும் கொண்டுவந்து போட, அது முழுக்க நிறைந்தது. இப்போது அவற்றில் என் ஊசியும் உண்டு. எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது.

கேனை எடுத்துக்கொண்டு சென்ற வாரம் கரையான்சாவடிக்குப் போனேன். நர்சிங் ஹோமை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். வாசலெல்லாம் கண்ணாடி. பழைய மேனேஜர் இல்லை. வெள்ளை டப்பாவும் இல்லை. கவுன்ட்டரில் இருந்த பையன் கேனைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

"அதெல்லாம் இப்ப வாங்கறது இல்ல மேடம். வீட்டுக் குப்பையிலயே போட்டுடுங்க. கவர்ல நல்லா முடிச்சுப் போட்டு."

அவன் என்னை மேடம் என்றான். முடிச்சு என்றான்.  அவனோடு சண்டை போட நல்ல நல்ல வார்த்தைகள் தொண்டைவரை வந்தன. நான் கத்தவில்லை. ஓ.பி. வரிசையின் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கேனை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் கேனில் ‘ஊசி’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எழுந்து போனார்கள். இருபுறமும் நாற்காலிகள் காலி. பையன் யாருக்கோ போன் செய்தான். நான் செல்விக்குப் போன் செய்தேன்.

வேலை முடித்து அப்படியே வந்திருந்தாள். அதே சீருடை, கையில் கையுறை. இப்போது அவள் பையன் ஸ்கூலுக்குப் போகிறான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், கவுன்ட்டரையும் மடியிலிருந்த கேனையும் பார்த்தாள். யாரும் உட்காராத அந்த நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, லைன் நிக்குதா?"

"நிக்குது" என்றேன்.